அலுவலகக் காலண்டரைச் சொந்த சர்வருக்குக் கொண்டுவருவது எப்படி

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் பிறந்தால் 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி. இடையில் கிளையன்ட் சந்திப்புகள், யார் எந்த நாள் லீவு, மீட்டிங் அறை யாருக்கு என்ற சண்டை. இவை அத்தனையும் பெரும்பாலும் ஏதோ ஓர் ஊழியரின் சொந்த ஜிமெயில் காலண்டரில் கிடக்கும். மற்றவர்கள் அதைப் பகிர்ந்து பார்ப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் காலண்டரும் அவரோடு போய்விடும். சொந்த சர்வருக்கு மாற இந்த ஒரு காரணமே போதும். மாதக் கட்டணம் மிச்சமாவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆடிட்டர் அலுவலகம் என்பது உதாரணத்துக்குத்தான். பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர், ஏசி சர்வீஸ் கடை என்று எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

எந்த மென்பொருள் என்று தேடுவதற்கு முன்னால், தேவையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊழியர்கள் தங்களுக்குள் பகிரும் காலண்டர் ஒரு வேலை. வெளியாள் வந்து நேரம் பதிவு செய்வது இன்னொரு வேலை. நாலு பேருக்கும் ஒத்துவரும் தேதியைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. பெரிய நிறுவனங்கள் இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதால் எல்லாம் ஒன்று என்று தோன்றுகிறது. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) உலகில் இவை தனித்தனி மென்பொருள்கள். முதல் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டால் மற்ற இரண்டையும் பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

ஒட்டவைக்க முடிவதற்குக் காரணம் கால்டேவ் என்ற பொது நெறிமுறை, அதாவது காலண்டர் சர்வரும் போனும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழி. 2007-ல் வெளியான ஆர்எஃப்சி 4791 என்ற இணையத் தர ஆவணம் அதை வரையறுக்கிறது. நிகழ்வுகள் ஐகேலண்டர் வடிவில், அதாவது ஐசிஎஸ் கோப்பாக, சர்வரில் இருக்கும். போனும் கணினியும் அதை எடுத்துக் காட்டும். ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது கால்டேவ் பேசுமா? பேசாது என்றால், திறமூலமாகவே இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு வேறு இடம் மாற நினைத்தால் திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

எதை நிறுவுவது

உலாவியில் திறந்து பார்க்க ஒரு காலண்டர் பக்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் பாதி முடிவு வந்துவிடும்.

வேண்டாம், எல்லோரும் போனிலும், கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில், காலண்டர் மென்பொருளிலும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ராடிகேல் போதும். பைத்தானில் எழுதிய சின்ன சர்வர். 5232-ம் போர்ட்டில் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்) ஓடும். ஒவ்வொரு நிகழ்வையும் தனி ஐசிஎஸ் கோப்பாக ஒரு ஃபோல்டரில் வைக்கும். டேட்டாபேஸ் கிடையாது, அந்த ஃபோல்டரைப் பிரதி எடுத்தால் பேக்கப் முடிந்தது. ஆனால் பலருக்குப் பல அளவில் அனுமதி கொடுப்பது அதில் சிரமம். மூன்று நான்கு பேர் உள்ள இடத்துக்கு அது சரி. பைக்கால் இன்னொரு கால்டேவ் சர்வர், பிஎச்பி மொழியில் எழுதியது. பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும், பயனர்களைச் சேர்க்க நிர்வாகப் பக்கமும் உண்டு. காலண்டரைக் காட்டும் பக்கம் அதிலும் இல்லை. ஏற்கெனவே சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் மெயிலோடு காலண்டரும் தரும் சோகோவைப் பார்க்கலாம்.

உலாவியில் காலண்டர் பக்கம் வேண்டும் என்றால், பத்துப் பேர் உள்ள அலுவலகத்துக்கு நெக்ஸ்ட்கிளவுட்தான் பொருத்தம். 2016-ல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது; ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமம். கோப்புச் சேமிப்பு, அரட்டை என்று நிறைய இருக்கும். அதையெல்லாம் முதல் மாதம் தொடவே வேண்டாம். காலண்டரை மட்டும் நிலைநிறுத்துங்கள்.

சர்வர்

அலுவலக மூலையில் கிடக்கும் பழைய கணினியில் நிறுவலாமா என்று எல்லோருக்கும் ஆசை வரும். மின்சாரம் போகும், ஐபி முகவரி மாறும், பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதால் வெளியிலிருந்து உள்ளே வரவே முடியாது. மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர், எடுங்கள். 2 கோர், 4 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க் தாராளம். 2 ஜிபியிலும் ஓட்டலாம். அப்போது ஆவணத் தொகுப்பி, வைரஸ் ஸ்கேனர், முழு உரைத் தேடல் போன்ற கூடுதல் பகுதிகளை நிறுவும்போதே நீக்கிவிட வேண்டும்.

நிறுவ எளிய வழி, நெக்ஸ்ட்கிளவுட் குழுவே வெளியிடும், தேவையானதையெல்லாம் ஒரே பொட்டலமாக நிறுவும் ஆல்-இன்-ஒன் டாக்கர் தொகுப்பு. உங்கள் டொமைனில் ஒரு துணைப் பெயர் உருவாக்கி அதை விபிஎஸ் ஐபிக்குக் காட்டுங்கள். அது இணையம் முழுக்கப் பரவிய பிறகு நிறுவலைத் தொடங்குங்கள். அவசரப்பட்டால் டொமைன் சோதனையிலேயே நின்றுவிடும். 80, 443, 8080 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். 8080-ல் நிர்வாகப் பக்கம் வரும். அது முதலில் காட்டும் நீளமான கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தொகுப்பே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

தொகுப்பு இல்லாமல் கையால் நிறுவுபவர்கள் தவறவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பின்னணி வேலைகள். ஆரம்ப அமைப்பில் யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் அவை ஓடும். இரவு யாரும் திறக்காவிட்டால் காலை 8 மணி நினைவூட்டல் 10 மணிக்கு வரும். நிர்வாக அமைப்பில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர் வசதி) என்பதைத் தேர்ந்தெடுத்து, சர்வரில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி வையுங்கள். இரண்டு, வெல்-நோன் முகவரித் திருப்பல், அதாவது அந்த நிலையான முகவரிக்கு வரும் கருவியைக் காலண்டர் இருக்கும் இடத்துக்குத் திருப்பிவிடுவது. போன் காலண்டர் சர்வரைத் தானாகக் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். நிர்வாகப் பக்கத்தின் மேலோட்டத்தில் இதைப் பற்றி மஞ்சள் எச்சரிக்கை வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

மெயில் இல்லாமல் காலண்டர் இல்லை

சர்வர் ஒரு மணி நேர வேலை. நேரம் தின்பது மெயில். கூட்ட அழைப்பு, நினைவூட்டல், பதிவு உறுதி எல்லாமே மெயிலில்தான் போகின்றன. பெரும்பாலான விபிஎஸ்களில் 25-ம் போர்ட் அடைத்தே இருக்கும். அதனால் சர்வரிலிருந்து நேரடியாக அனுப்ப முயல வேண்டாம். அலுவலக மெயில் கணக்கின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) விவரத்தை நிர்வாக அமைப்பில் கொடுங்கள்: போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ் குறியாக்கம், 465 என்றால் நேரடி டிஎல்எஸ் குறியாக்கம். ஜிமெயில் வழியாக அனுப்புவதானால் வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட், அதாவது ஒரு செயலிக்கு மட்டுமான தனிக் கடவுச்சொல், வாங்க வேண்டும். அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனில் இருந்தால் மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அழைப்புகள் ஸ்பாமில் போய் விழும்.

பிறகு ஒவ்வொரு பயனர் கணக்கிலும் மெயில் முகவரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகவரி இல்லாத கணக்கிலிருந்து அழைப்பு போகாது.

வெளியாளுக்கு அழைப்பு அனுப்பும்போது இன்னொரு சிக்கல் வரும். நெக்ஸ்ட்கிளவுட் அனுப்பும் மெயிலின் உள்ளே வருகிறேன், வரவில்லை என்று இணைப்புகள் இருக்கும். அதைத் தொட்டால் பதில் நேராகக் காலண்டரில் ஏறும். பலர் அதை விட்டுவிட்டு ஜிமெயிலோ அவுட்லுக்கோ தன் பங்குக்கு மேலே காட்டும் பட்டனை அழுத்துவார்கள். அந்தப் பதில் அழைத்தவரின் இன்பாக்ஸுக்கு வருமே தவிர காலண்டருக்குப் போகாது. நெக்ஸ்ட்கிளவுடின் மெயில் செயலியில் அந்தக் கணக்கைச் சேர்த்து வைத்தால் அது பதிலைப் படித்துக் காலண்டரைத் திருத்தும்.

காலண்டரின் சொந்தக்காரர் யார்

இங்கே தவறினால் மற்றதெல்லாம் வீண். நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு காலண்டர் அதை உருவாக்கியவருக்குச் சொந்தம். அவர் கணக்கை நீக்கினால் காலண்டரும் அழியும். ஆகவே அலுவலகம் என்ற பெயரில் ஆள் இல்லாத ஒரு கணக்கை உருவாக்கி, பொதுக் காலண்டர் எல்லாவற்றையும் அதில் வையுங்கள். அதன் கடவுச்சொல் முதலாளியிடமும் இன்னொருவரிடமும் இருக்கட்டும். ஊழியர் வேலையை விட்டால் அவர் கணக்கை முடக்குங்கள், நீக்காதீர்கள். ஏற்கெனவே தனியாள் கணக்கில் இருக்கும் காலண்டரை வேறு கணக்குக்கு நகர்த்த, சர்வரில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் வசதி உண்டு, உலாவியில் இல்லை.

நான்கு காலண்டர்கள் போதும்: கெடு தேதிகள், கிளையன்ட் சந்திப்பு, லீவு, மீட்டிங் அறை. ஆளுக்கு ஆள் பகிராமல் குழுவுக்குப் பகிருங்கள். கெடு தேதிகளை ஒருவர் மட்டும் திருத்தலாம், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். மற்ற மூன்றிலும் எல்லோரும் எழுதலாம். தவறி அழித்த நிகழ்வு 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும். லீவுக் காரணம் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை என்றால், அந்த நிகழ்வில் பகிரும்போது பிஸி என்று மட்டும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நிர்வாக அமைப்பில் குரூப்வேர் என்ற பகுதிக்குப் போய், பகிரப்பட்டவர்களுக்கும் நினைவூட்டல் அனுப்பு என்ற பெட்டியைச் சரிபாருங்கள். ஜிஎஸ்டி நினைவூட்டல் எல்லோருக்கும் போவதும் போகாததும் அதைப் பொறுத்தது. அங்கேயே பிறந்தநாள் காலண்டரைத் தானாக உருவாக்கும் பெட்டியும் இருக்கும். அணைத்துவிடுங்கள், கிளையன்டுகளின் பிறந்தநாள் எல்லாம் வந்து காலண்டரை அடைக்கும்.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளில் கவனம். மாதந்தோறும் 31-ம் தேதி என்று போட்டால், 31 இல்லாத மாதங்களில் அந்த நிகழ்வு 30-க்கு நகராது, காணாமலே போய்விடும். அது பிழையல்ல, ஐகேலண்டர் விதியே அப்படி. காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் தேதிகளான ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை வரும் நான்கு தனி நிகழ்வுகளாகப் போடுங்கள். மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30 என்பதால் 7-ம் தேதித் தொடரில் ஏப்ரலை மட்டும் திருத்த வேண்டும். இந்த நிகழ்வை மட்டும் என்று சேமியுங்கள். இதையும் இனி வருவதையும் என்று கை தவறினால் மே மாதத்திலிருந்து எல்லாம் 30-ம் தேதிக்கு ஓடிவிடும். வங்கி விடுமுறைக்கு மாதத்தின் இரண்டாவது சனி, நான்காவது சனி என்று இரண்டு தொடர் போட்டால் போதும். அரசு தேதியை நீட்டிக்கும்போது பழைய நிகழ்வை அழிக்காமல் தேதியை இழுத்துவிடுங்கள். குறிப்புகள் அதோடு வரும்.

அறையை உண்மையான வளமாகப் பதிவு செய்து, காலியாக இருந்தால் அதுவே அழைப்பை ஏற்கும்படி செய்ய ஒரு கூடுதல் செயலி உண்டு. ஆனால் கட்டடம், தளம், அறை எல்லாவற்றையும் கட்டளை வரியில்தான் உருவாக்க வேண்டும். ஒரே அறை உள்ள இடத்தில் அந்தப் பாடு வேண்டாம், பொதுக் காலண்டரே போதும்.

போனும் கணினியும்

ஐபோனில் கால்டேவ் உள்ளேயே இருக்கிறது. காலண்டர் கணக்குகளில் மற்றவை என்பதன் கீழ் கால்டேவ் கணக்கைச் சேர்த்து, சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது.

ஆண்ட்ராய்டில் அது இல்லை. டேவ்எக்ஸ்5 என்ற செயலி வேண்டும். பிளே ஸ்டோரில் காசு, எஃப்-டிராய்ட் என்ற திறமூலச் செயலிக் கடையில் இலவசம், இரண்டும் ஒரே மூல நிரல். நிறுவிய கையோடு மூன்று இடங்களைத் திருத்துங்கள். ஒத்திசைவு இடைவெளி ஆரம்பத்தில் 4 மணி நேரம் என்று இருக்கும். அதை 15 நிமிடமாக்குங்கள். 90 நாளுக்கு முந்தைய நிகழ்வுகளைக் காட்டாத அமைப்பு ஒன்று உண்டு. போன வருஷக் கிளையன்ட் சந்திப்பைக் காணோம் என்று யாராவது பதறினால் சர்வரைக் குடையாமல் முதலில் இதைப் பாருங்கள். மூன்றாவது, பேட்டரி சேமிப்பு. பல போன்கள் பின்னணிச் செயலிகளை ஈவிரக்கமில்லாமல் நிறுத்திவிடும். டேவ்எக்ஸ்5-க்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டில் விலக்கும், தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும். காலண்டர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் உண்மையான கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். நெக்ஸ்ட்கிளவுடில் பாதுகாப்பு அமைப்பில் கருவிக்கு ஒன்றாக ஆப் பாஸ்வேர்ட் உருவாக்கலாம். போன் தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். இரட்டைச் சரிபார்ப்பு இயக்கியிருந்தால் இது இல்லாமல் போன் உள்ளேயே நுழையாது.

கணினியில் தண்டர்பேர்ட் போதும்: புதிய காலண்டர், நெட்வொர்க்கில் உள்ளது, பயனர் பெயர், சர்வர் முகவரி. அவுட்லுக்கை விடமாட்டேன் என்பவர்கள் இருப்பார்கள். அதற்குக் கால்டேவ் தெரியாது. கால்டேவ் சின்க்ரனைசர் என்ற திறமூல இணைப்பு அதைக் கற்றுத்தரும், ஆனால் விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக்குக்கு மட்டும். புதிய அவுட்லுக் இந்த வகை இணைப்புகளையே ஏற்பதில்லை.

ஐந்தரை மணி நேரம்

இந்தியாவில் காலண்டர் நேரம் பிசகினால் பெரும்பாலும் ஐந்தரை மணி நேரம்தான் பிசகும். காலை 10 மணிக்குப் போட்டது விடியற்காலை 4:30 என்று தெரிந்தால், பார்க்கிற கருவி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. மாலை 3:30 என்று தெரிந்தால், எழுதிய இடம் யுடிசியில் இருந்திருக்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்தாலே எங்கே திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். சர்வர், ஒவ்வொரு பயனர் கணக்கு, பதிவு மென்பொருள் மூன்றிலும் ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள். சில பட்டியல்களில் கல்கத்தா என்ற பழைய பெயரில் இருக்கும், இரண்டும் ஒன்றே. லீவை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று போடாமல் முழுநாள் நிகழ்வாகப் போடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து பார்க்கும் பங்குதாரருக்கு அப்போதுதான் அது இரண்டு நாளாக உடையாமல் தெரியும்.

வெளியாள் பதிவு

நெக்ஸ்ட்கிளவுட் காலண்டரிலேயே சந்திப்புப் பதிவு வசதி இருக்கிறது. கால அளவு, வார நேரம், முன்னும் பின்னும் இடைவெளி, ஒரு நாளைக்கு எத்தனை, குறைந்தது எத்தனை மணி நேரம் முன்னால் பதிய வேண்டும் என்றெல்லாம் வைக்கலாம். முரண்பாடு பார்க்க லீவுக் காலண்டரையும் அறைக் காலண்டரையும் சேர்க்க மறக்காதீர்கள். பலவீனம் ஒன்று உண்டு: பதிபவருக்கு மெயில் போகும், அதில் உள்ள இணைப்பைத் தொட்டால்தான் இடம் உறுதியாகும். மெயிலைத் திறக்கவே திறக்காத வாடிக்கையாளர்கள் உள்ள தொழிலில் இது நடக்காது. பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நேரில் வந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ் நல்லது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இருந்தால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடும். கோப்புகளை ஏற்றி, மாதிரி அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி, அதில் தள முகவரியையும் டேட்டாபேஸ் விவரத்தையும் எழுதி, உலாவியில் திறந்தால் நிர்வாகக் கணக்கு கேட்கும். சேவை, அதைச் செய்பவர், அவருடைய வேலை நேரம், இடைவேளை என்று வரிசையாக நிரப்புங்கள். செயலாளர் என்ற பொறுப்பு இதில் தனியாக உண்டு. போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற பதிவுகளை ரிசப்ஷனில் இருப்பவர் அதன் வழியே உள்ளிடலாம். 1.5 பதிப்பு முதல் எந்த விவரம் கட்டாயம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்: மெயிலை விருப்பமாக்கி, போன் எண்ணைக் கட்டாயமாக்குங்கள். சேவையின் நேர அமைப்பில் நெகிழ்வானது என்று விட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு தொடக்கம் காட்டும். 45 நிமிட சேவையை ஒருவர் 10:15-க்குப் பிடித்தால் முன்னால் உள்ள கால் மணி நேரம் வீண். நிலையானது என்று வையுங்கள். அதே பதிப்பில் கால்டேவ் இணைப்பும் வந்துவிட்டதால் ஒவ்வொருவரின் பதிவும் அவரது நெக்ஸ்ட்கிளவுட் காலண்டரில் விழும். ஆனால் ஒத்திசைவுக் கட்டளையை கிரானில் போட்டால்தான் அது தானாக ஓடும்.

வெளியாள் பதிவுக்கான இன்னொரு மென்பொருளான கால்-டாட்-காம் 2021-ல் கேலண்ட்சோ என்ற பெயரில் வந்தது. பக்கம் அழகாக இருக்கும். நோட்-ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ் என்று பாரம் அதிகம். சின்ன அலுவலகத்துக்கு அதைச் சுமக்க ஆள் வேண்டும். நிறுவுவதானால் அன்றைய உரிமத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். தேதி வாக்கெடுப்புக்கு ராலி, அல்லது நெக்ஸ்ட்கிளவுடின் போல்ஸ் செயலி.

பேக்கப்

நெக்ஸ்ட்கிளவுடின் டேட்டா ஃபோல்டரைப் பிரதி எடுத்தால் கோப்புகள் வரும், காலண்டர் வராது. நிகழ்வுகள் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஆகவே டேட்டாபேஸ் டம்ப் (அதன் முழுப் பிரதி), அமைப்புக் கோப்பு, டேட்டா ஃபோல்டர் மூன்றும் சேர்ந்தால்தான் பேக்கப். ஆல்-இன்-ஒன் தொகுப்பில் போர்க் என்ற பேக்கப் மென்பொருள் கூடவே வரும். அதன் குறியாக்கக் கடவுச்சொல்லைச் சர்வருக்கு வெளியே வையுங்கள், பிரதியையும் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். இதற்கு மேல் மாதம் ஒரு முறை ஒவ்வொரு பொதுக் காலண்டரையும் ஐசிஎஸ் கோப்பாக இறக்கி வையுங்கள். சர்வரே போனாலும் அந்தச் சின்னக் கோப்பை எந்தக் காலண்டரிலும் ஏற்றி அன்றே வேலையைத் தொடரலாம்.

மாறும் நாள்

கூகுள் காலண்டரின் அமைப்பில் ஏற்றுமதி என்பதை அழுத்தினால், உங்களுக்குச் சொந்தமான எல்லாக் காலண்டரும் ஜிப் கோப்பாக வரும். உள்ளே காலண்டருக்கு ஓர் ஐசிஎஸ். நேராக எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். விருந்தினர் உள்ள ஒரே ஒரு நிகழ்வை, உங்கள் இன்னொரு மெயிலை மட்டும் விருந்தினராக வைத்து, முதலில் ஏற்றிப் பாருங்கள். அந்த மெயிலுக்குப் புது அழைப்பு வந்தால், மொத்தமாக ஏற்றும்போது பழைய கிளையன்டுகள் எல்லோருக்கும் அழைப்பு பறக்கும். அப்போது நிர்வாக அமைப்பில் அழைப்பு அனுப்புவதை அணைத்துவிட்டு ஏற்றி, பிறகு திரும்ப இயக்குங்கள்.

மாறும் நாளை 20-ம் தேதிக்குப் பிறகு வையுங்கள். அன்று மாலையே பழைய காலண்டரில் எல்லோருக்கும் பார்க்கும் அனுமதியை மட்டும் விட்டு, அதன் பெயருக்கு முன்னால் பழையது என்று சேர்த்துவிடுங்கள். இதை நாளைக்குத் தள்ளினால் பாதிப் பேர் அடுத்த மாதம் முழுக்க பழையதிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள்.